சிறைபிடித்த போர்க்கப்பல் ‘இம்ப்ளேக்கபிள்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாய்மரக் காலப் போர்க்கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த ஒரு கப்பலைப் பற்றிய குழப்பம் மட்டும் தீருவதே இல்லை. பிரான்சில் பிறந்து, பிரிட்டனிடம் பிடிபட்டு, 149 வயதில் கடலில் மூழ்கடிக்கப்பட்ட கப்பல் இது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறோம்.

1. இது பிரெஞ்சுக் கப்பலா, இங்கிலீஷ் கப்பலா? ரெண்டு பேரும் சொந்தம் கொண்டாடறாங்களே?

கட்டியது பிரான்ஸ். ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் 1800 மார்ச் 24 அன்று ‘துகே-த்ருவேன்’ என்ற பெயரில் நீரில் இறங்கியது. 1711இல் ரியோ டி ஜெனிரோவைப் பிடித்த சான்-மாலோ ஊர்க் கடலோடியின் பெயர் அது. 1805 நவம்பர் 4 அன்று பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு ‘இம்ப்ளேக்கபிள்’ ஆனது. அந்தப் பெயரோடுதான் 1949 டிசம்பர் 2 அன்று மூழ்கியது.

கணக்குப் போட்டால் பிறந்த வீட்டில் ஐந்தரை ஆண்டு, புகுந்த வீட்டில் 144 ஆண்டு. ‘பிரெஞ்சுக் கப்பல்’ என்பது உடலுக்குப் பொருந்தும், சேவைக்குப் பொருந்தாது.

2. “74 பீரங்கிக் கப்பல்”னு போட்டிருக்கு. உண்மையிலே 74தான் இருந்துச்சா?

இருக்க வேண்டியதில்லை. 74 என்பது எண்ணிக்கையைவிட ஒரு வகுப்பின் பெயர். கீழ்த்தளத்தில் 36 பவுண்டு பீரங்கி (‘பவுண்டு’ என்பது அது சுடும் குண்டின் எடை) 28, மேல்தளத்தில் 18 பவுண்டு பீரங்கி 30, அதற்கும் மேலே திறந்த தளங்களில் 8 பவுண்டு பீரங்கி 16. இதுதான் காகிதத்தில் உள்ள 74. குட்டையான, பெரிய வாய் கொண்ட கரோனேடுகளை இந்த எண்ணில் சேர்க்கும் வழக்கம் அப்போது இல்லை. அதனால் ஒரே கப்பலுக்கு ஒரு நூலில் 74, இன்னொன்றில் 78 என்று பார்த்தால் இரண்டையும் தவறென்று தள்ளிவிடாதீர்கள்.

கப்பலின் வரைபடம் ழாக்-நோயல் சானே என்பவருடையது. டெமெரேர் வகை என்று அதற்குப் பெயர். அந்த ஒரே வரைபடத்தில் நூற்றுக்கும் மேல் கப்பல்கள் கட்டப்பட்டன. நீளம் 55.87 மீட்டர், அகலம் 14.90 மீட்டர். நீளம் ஏன் இப்படிப் பின்னமாக இருக்கிறது என்று கேட்பார்கள்: அது 172 பழைய பிரெஞ்சு அடி. ஒரு பிரெஞ்சு அடி 32.48 சென்டிமீட்டர், ஆங்கில அடியைவிடப் பெரிது. இதைக் கவனிக்காமல் ‘172 அடி’ என்று எழுதி மூன்று மீட்டருக்கு மேல் வெட்டிவிட்டவர்கள் உண்டு.

3. நெல்சனைச் சுட்டது இந்தக் கப்பல்லேர்ந்துதானே?

இல்லை. பிரிட்டிஷ் தளபதி நெல்சனை டிரஃபால்கரில் சுட்டது ‘ரெடூட்டாபிள்’ என்ற பிரெஞ்சுக் கப்பலிலிருந்து. சண்டை முடிந்து புயலில் அது மூழ்கிவிட்டது. துகே-த்ருவேன் 1805 அக்டோபர் 21 டிரஃபால்கர் சண்டையில் இருந்தது உண்மைதான், ஆனால் ரியர் அட்மிரல் துமன்வாரின் முன்னணிப் பிரிவில். நெல்சன் நடுவிலும் பின்னாலும் வெட்டிப் புகுந்தபோது அந்தப் பிரிவு வெகுநேரம் சண்டைக்கு வெளியே நின்றது. காற்று மெலிவு, கப்பலைத் திருப்புவதற்கே பாடுபட வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது மீட்பதற்கு மிச்சம் இருக்கவில்லை. ஃபோர்மிடாபிள், சிப்பியோன், மோன்-பிளான், துகே-த்ருவேன் ஆகிய நான்கும் தப்பித்துப் போயின.

துமன்வார் கோழையா என்ற வாதத்தை இங்கே தீர்க்க முடியாது. அவர்மீது பிரான்சிலேயே விசாரணை நடந்து, விடுவிக்கப்பட்டார் என்பது மட்டும் பதிவு.

4. தப்பிச்ச கப்பல் ரெண்டே வாரத்துல எப்படி மாட்டுச்சு?

ஓர்தெகல் முனைக்கு அப்பால், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில். சர் ரிச்சர்ட் ஸ்ட்ராக்கன் வேறொரு பிரெஞ்சுப் படையைத் தேடிக்கொண்டிருந்தவர். கண்ணில் பட்டது இந்த நான்கு. அவரிடம் சீசர் (80 பீரங்கி), ஹீரோ, கரேஜியஸ், நேமர் என்ற நான்கு பெரிய கப்பல்களும், அவற்றோடு ஃப்ரிகேட் என்ற வேகமான சிறு போர்க்கப்பல்களும் இருந்தன.

வேலையைத் தொடங்கியது ஃப்ரிகேட்டுகள். பெரிய போர்க்கப்பலின் பலமெல்லாம் பக்கவாட்டில்; அமரப் பக்கம் (பின்முனையில்) சுட ஒன்றிரண்டு பீரங்கிதான். சின்ன ஃப்ரிகேட் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, இப்படியும் அப்படியும் திரும்பிச் சுட்டால், பெரிய கப்பல் நின்று திரும்பினாலொழிய பதில் சொல்ல முடியாது. நின்றால் துரத்துகிற பெரிய கப்பல்கள் வந்துவிடும். துமன்வாரின் ஃபோர்மிடாபிள் டிரஃபால்கரில் அடிபட்டு ஏற்கெனவே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஓடவும் முடியவில்லை. கடைசியில் வரிசை கட்டி நின்றார்.

துகே-த்ருவேன் வரிசையின் தலையில் இருந்தது. எதிரியின் முன்வரிசையைக் குறுக்கே மறிக்கத் திரும்பியபோது நெருக்கத்தில் அடி வாங்கியது. கேப்டன் குளோது தூஃபே இறந்தார். மாலைக்குள் நான்கும் கொடியை இறக்கிச் சரணடைந்துவிட்டன. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 24, காயம்பட்டவர்கள் 111. பிரெஞ்சுத் தரப்பில் இரண்டும் சேர்த்து எழுநூறுக்கு மேல்.

5. பிடிச்சவுடனே அது பிடிச்சவங்களுக்குச் சொந்தமா?

அன்றே இல்லை. நடுவில் நீதிமன்றம் இருக்கிறது. பிடித்தவர் ஓர் அதிகாரியையும் கொஞ்சம் மாலுமிகளையும் பிடிபட்ட கப்பலில் ஏற்றுவார். கப்பலின் காகிதங்களைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். துறைமுகம் வந்ததும், அட்மிரால்டி உயர் நீதிமன்றம் ‘இது முறையான போர்ப்பிடிப்பு’ என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் விற்பனை.

போர்க்கப்பலாக இருந்தால் வாங்குகிறவர் பெரும்பாலும் அரசே. கடற்படை வாரியத்தின் ஆட்கள் உடல், பாய்மரம், கயிறு, பீரங்கி, சரக்கு என்று தனித்தனியாக மதிப்புப் போடுவார்கள். உடல் தேறாது என்று சொல்லிவிட்டால் சிறைக்கப்பலாகவோ விறகாகவோ போகும். ஓர்தெகலில் பிடிபட்ட நான்கில் ஃபோர்மிடாபிளுக்கு நேர்ந்தது அதுதான். ‘பிரேவ்’ என்று பெயர் மாறிக் கைதிகளை அடைக்கும் கப்பலானது. துகே-த்ருவேனுக்கு வயது ஐந்துதான், தேறிவிட்டது.

6. அந்தப் பணத்தை எப்படிப் பிரிச்சாங்க?

எட்டுப் பங்காக. 1805இல் இருந்த முறைப்படி கேப்டனுக்கு எட்டில் மூன்று. மேலே ஓர் அட்மிரல் இருந்தால் அதில் ஒரு பங்கு அவருக்கு. லெப்டினன்ட் நிலைக்கு ஒன்று, அடுத்த நிலை அதிகாரிகளுக்கு ஒன்று, சிறு அதிகாரிகளுக்கு ஒன்று. மிச்சம் இரண்டு பங்கை மற்ற எல்லா மாலுமிகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஐந்நூறு அறுநூறு பேருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று என்ற இந்த விகிதம் 1808இல்தான் மாறியது: கேப்டன் பங்கு இரண்டாகக் குறைந்து, மாலுமிகள் பக்கம் நான்கு போனது.

இது போக ‘தலைப்பணம்’ என்று ஒன்று. சண்டை தொடங்கும்போது எதிரிக் கப்பலில் உயிரோடு இருந்த ஒவ்வொரு ஆளுக்கும் 5 பவுண்டு. கப்பல் எரிந்தோ மூழ்கியோ போனாலும் இது கிடைக்கும். 10ஆம் கேள்வியில் வரும் ரஷ்யக் கப்பல் விஷயத்தில் இது முக்கியம்.

7. பேரை ஏன் மாத்தினாங்க? அவமானப்படுத்தவா?

பிடிபட்ட எல்லாக் கப்பலுக்கும் பெயர் மாறவில்லை. கூடவே பிடிபட்ட சிப்பியோன் அதே பெயரோடு பிரிட்டிஷ் கடற்படையில் ஓடியது. ஃபோர்மிடாபிள் மாறியே ஆக வேண்டியிருந்தது, ஏனென்றால் அதே பெயரில் ஒரு கப்பல் பிரிட்டனிடம் ஏற்கெனவே இருந்தது. பழைய பெயரை வைத்துக்கொள்வதிலும் ஒரு பெருமை உண்டு: ‘உன்னிடமிருந்து எடுத்தேன்’ என்று கூப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இம்ப்ளேக்கபிள் என்றால் ‘தணியாதவள்’ என்று பொருள்.

8. பீரங்கி எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு, அதையும் ஏன் கழட்டணும்?

குண்டு பொருந்தாது. பிரெஞ்சுப் பவுண்டு 489.5 கிராம், ஆங்கிலப் பவுண்டு 453.6 கிராம். பிரெஞ்சு 36 பவுண்டு குண்டின் எடை 17.6 கிலோ, பிரிட்டிஷ் கிடங்கில் கிடைக்கும் பெரிய குண்டு 32 பவுண்டு, 14.5 கிலோ. பிரெஞ்சு 36இன் குழல் ஏறத்தாழ 175 மில்லிமீட்டர், பிரிட்டிஷ் 32இன் குழல் 163. சின்னக் குண்டைப் பெரிய குழலில் போட்டால் சுற்றிலும் இடைவெளி விழும். வெடிமருந்தின் விசை அந்தச் சந்து வழியே வெளியேறும், குண்டு குழலுக்குள் தட்டிக்கொண்டே போய்க் குறி தவறும். பெரிய குண்டைச் சின்னக் குழலில் போடவே முடியாது.

18 பவுண்டில்தான் உண்மையான ஆபத்து. இரண்டு நாட்டிலும் ‘18’ என்றே பெயர், ஆனால் குழல் 139 மில்லிமீட்டரும் 134 மில்லிமீட்டரும். புகை மூட்டத்தில் குண்டு கொண்டுவரும் பையன் இரண்டையும் கலந்துவிட்டால் அந்தப் பீரங்கி அன்றைக்கு அவ்வளவுதான். எடையும் ஒரு காரணம்: பிரெஞ்சு 36 ஒவ்வொன்றும் 3.5 டன். அதை இறக்கி இலேசான 32ஐ ஏற்றினால் கப்பலின் சட்டங்களுக்கும் நிம்மதி.

9. 1805ல பிடிச்ச கப்பல் 1808 வரைக்கும் எங்கே போச்சு?

பிளிமத் தளத்தில் கிடந்தது. ஒடிந்த பாய்மரங்களை மாற்றுவது மட்டும் வேலையல்ல. பிரெஞ்சுக் கப்பல்கள் குறுகிய காலப் பயணத்துக்கு, வேகத்துக்கு, இலேசான சட்டங்களோடு கட்டப்பட்டவை. பிரிட்டிஷ் கடற்படை மாதக்கணக்கில் கடலிலேயே நின்று எதிரித் துறைமுகத்தை மறிக்கும். அதற்கேற்ப உள்ளே கூடுதல் முட்டுச் சட்டங்கள், வெடிமருந்து அறை, தண்ணீர், உணவு வைக்கும் இடம் எல்லாம் அவர்கள் முறைக்கு மாற வேண்டும். ஆளும் வேண்டும். டிரஃபால்கருக்குப் பிறகு கப்பலுக்குப் பஞ்சமில்லை, மாலுமிக்குத்தான் பஞ்சம்.

10. சரி, புது எஜமானுக்கு என்னதான் பண்ணுச்சு?

முதல் பெரிய வேலை பால்டிக் கடலில், கேப்டன் தாமஸ் பையம் மார்ட்டினின் கீழ். பிரிட்டனும் சுவீடனும் ஒரு பக்கம், ரஷ்யா எதிர்ப்பக்கம். 1808 ஆகஸ்ட் 26 காலை, ரஷ்யக் கடற்படையைத் துரத்திக்கொண்டிருந்த கூட்டுப்படையில் இம்ப்ளேக்கபிளும் ‘சென்டார்’ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பலும் மட்டும் சுவீடிஷ் கப்பல்களை வெகுதூரம் பின்னால் விட்டு முன்னேறிவிட்டன. பிரெஞ்சுக் கப்பல்கள் வேகத்துக்குக் கட்டப்பட்டவை என்று முன்பு சொன்னது இங்கே பலித்தது. ரஷ்யக் கப்பல்களில் கடைசியாக வந்த ‘ஸெவொலோத்’ என்ற 74 பீரங்கிக் கப்பலை இம்ப்ளேக்கபிள் பிடித்து அரை மணி நேரத்தில் வாயடைத்தது. அதற்குள் ரஷ்யக் கப்பல்கள் கூட்டமாகத் திரும்பி வரவே, சென்டாரில் இருந்த ரியர் அட்மிரல் சர் சாமுவேல் ஹூட் பின்வாங்கச் சொல்லிக் கொடி காட்டினார். பிறகு ஸெவொலோத் துறைமுகத்துக்கு வெளியே தரைதட்டியது. சென்டார் போய் மோதிப் பிடித்தது. மீட்க வழியில்லாததால் கொளுத்திவிட்டார்கள். இம்ப்ளேக்கபிளில் இறந்தவர்கள் 6, காயம்பட்டவர்கள் 26. கப்பல் எரிந்துபோனதால் விற்க உடல் இல்லை. கிடைக்கக்கூடியது 6ஆம் கேள்வியில் சொன்ன தலைப்பணம்.

அடுத்த ஆண்டு ஜூலை 7 இரவு, பின்லாந்துக் கரையில் போர்க்கலா முனையருகே படகுச் சண்டை. இம்ப்ளேக்கபிள், பெல்லரஃபன் உள்ளிட்ட நான்கு கப்பல்களின் படகுகள் எட்டு ரஷ்யப் பீரங்கிப் படகுகளைத் தாக்கி ஆறைக் கைப்பற்றின. தலைமை தாங்கிய லெப்டினன்ட் ஜோசப் ஹாக்கி இறந்தார். நான்கு ஆண்டுக்கு முன் டிரஃபால்கரில் பெல்லரஃபனும் இந்தக் கப்பலும் எதிரெதிர் வரிசையில் இருந்தவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

1810–11இல் கேப்டன் ஜார்ஜ் காக்பர்ன் கீழ் மெக்சிகோ போய் இருபது லட்சம் வெள்ளி டாலருடன் ஸ்பெயினின் காதிஸ் துறைமுகத்துக்குத் திரும்பியது. நெப்போலியன் போர்கள் ஓய்ந்ததும் நீண்ட ஓய்வு. 1840இல், எகிப்தின் முகமது அலியின் படைகளுக்கு எதிராக சிரியக் கரையில் கடைசிப் போர்ப்பணி. 1842இல் பணிநீக்கம்.

11. ஸெவொலோத் சண்டை ஆகஸ்ட் 26ங்கறாங்க, ரஷ்யப் புத்தகத்துல 14ன்னு இருக்கு. எது தப்பு?

இரண்டும் சரி. ரஷ்யா அப்போது ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கல். பிரெஞ்சு ஆவணமாக இருந்தால் இன்னும் வேடிக்கை: கப்பல் நீரில் இறங்கிய நாள் ‘8ஆம் ஆண்டு ஜெர்மினால் 3’, பிடிபட்ட நாள் ‘14ஆம் ஆண்டு புரூமேர் 13’.

பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டிலும் ஒரு பொறி உண்டு. 1805 வரை கடலோடிகளின் நாள் நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடிந்தது, நம் நாளுக்கு 12 மணி நேரம் முன்னால். திங்கள் பிற்பகல் நடந்தது செவ்வாய்த் தலைப்பின் கீழ் இருக்கும். ஒரு நாள் வித்தியாசம் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

12. 1842க்கு அப்புறம் நூறு வருஷம் சும்மாவா நின்னுச்சு?

1855 முதல் டெவன்போர்ட்டில் சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பல். பிறகு ‘லயன்’ என்ற இன்னொரு பழைய கப்பலையும் பக்கத்தில் கட்டிச் சேர்த்து நடத்தினார்கள். 1908இல் விற்றுவிட இருந்தபோது மன்னர் ஏழாம் எட்வர்ட் குறுக்கிட்டார். 1912இல் ஜெஃப்ரி வீட்லி காப் என்ற செல்வந்தரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1931இல் இறந்தார். மறு ஆண்டு போர்ட்ஸ்மத் வந்தது.

13. இம்ப்ளேக்கபிள்னா இரண்டாம் உலகப்போர் விமானம் தாங்கிக் கப்பலாச்சே?

அது வேறு. 1942இல் நீரில் இறங்கி 1944இல் பணிக்கு வந்தது. பழைய கப்பல் அப்போது உயிரோடுதான் இருந்தது, அதனால்தான் குழப்பம். 1943 முதல் பழைய கப்பலும், போர்ட்ஸ்மத்தில் அதன் பக்கத்தில் நின்ற வேறொரு கப்பலும் (லயன் அல்ல) சேர்ந்து ‘ஃபூட்ரொயான்’ என்ற ஒரே பெயரில் பயிற்சி நிலையமாக இயங்கின.

14. அந்தப் பக்கத்துக் கப்பல்தான் திருகோணமலை கப்பலா?

ஆமாம், அதன் உண்மைப் பெயர் ‘ட்ரிங்கோமலி’. நம் திருகோணமலையின் ஆங்கில வடிவம். பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817 அக்டோபர் 12 அன்று இறக்கியது. காப் அதை 1897இல் வாங்கி, தான் புயலில் இழந்த ஃபூட்ரொயான் என்ற கப்பலின் பெயரைப் பின்னர் அதற்கு வைத்தார்.

சிறைபிடித்த கப்பல்களின் கதை எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ட்ரிங்கோமலியின் வரைபடம் 1782இல் பிடிபட்ட ‘ஹெபே’ என்ற பிரெஞ்சு ஃப்ரிகேட்டைப் பார்த்து எடுத்தது. ஹெபேயை வரைந்தவரும் அதே சானே. அந்த வரைபடத்தைப் பம்பாய்க்கு ஏற்றிவந்த ‘ஜாவா’, பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த கப்பல். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசிலுக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ அதைப் பிடித்தது, பின்னர் கொளுத்தியது. வரைபடமும் போயிற்று, மறுபடி ஒன்று அனுப்ப வேண்டியிருந்தது.

15. இவ்வளவு பழைய கப்பலை வெடி வெச்சு மூழ்கடிக்க மனசு எப்படி வந்துச்சு?

காசு இல்லை. போர் முடிந்த பிரிட்டனில் வீடு கட்டவே மரம் கிடைக்காத காலம். 1947இல் பிரான்சுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களும் வேண்டாம் என்றார்கள். நிதி திரட்டும் முயற்சி பலிக்கவில்லை. டிரஃபால்கரில் இருந்த கப்பல்களில் அப்போது மிச்சம் இரண்டே இரண்டு, மற்றது விக்டரி. வென்றவனின் கொடிக்கப்பல் இருக்கும்போது தோற்ற பக்கத்துக் கப்பலுக்கு யார் செலவழிப்பது என்ற எண்ணமும் உள்ளூர இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

வைட் தீவுக்குக் கிழக்கே இழுத்துப் போய், பிரெஞ்சுக் கொடியையும் பிரிட்டிஷ் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கவிட்டு வெடித்தார்கள். அடியில் 500 டன் இரும்புப் பாரம். ஆனாலும் முழுசாக மூழ்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. மரம் மிதக்கும், இரும்பு மட்டும் மூழ்கும் என்ற எளிய உண்மைதான்.

அணிய (முன்முனை)ச் சிலையும் அமரப் பகுதியும் கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. நங்கூரம் இழுக்கும் உருளை பிறந்த ஊரான ரோஷ்ஃபோருக்கே போய்ச் சேர்ந்தது.

16. மூணு மணி நேரம் தாக்குப்பிடிச்ச கப்பலை “பழுது”ன்னு சொன்னது பொய்தானே?

பொய்யில்லை. மிதப்பதும் உறுதியாக இருப்பதும் வேறு வேறு. மரக்கப்பலின் நடுப்பகுதி அகலம், நீர் அதை மேலே தள்ளும். அணியமும் அமரமும் ஒடுக்கம், அங்கே தாங்கும் விசை குறைவு. வருடங்கள் போகப் போக இரு முனையும் தொங்கி, முதுகு வில்லாக வளையும். பலகைச் சந்துகள் திறக்கும். எத்தனை முறை கலப்பத்து அடித்தாலும் (சந்துகளை அடைத்தாலும்) கசிவு நிற்காது.

இன்னொன்று பலருக்கு நம்பிக்கை வராத விஷயம்: ஓக் மரத்துக்கு எதிரி கடல் நீரல்ல, மழை நீர். மேல்தளச் சந்து வழியே இறங்கி, காற்றோட்டமில்லாத மூலையில் தங்கி, பூஞ்சை பிடித்து உள்ளேயே மக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். தேக்கில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. ட்ரிங்கோமலி பிழைத்து, 1987இல் ஹார்ட்டில்பூல் வந்து, அங்கே புதுப்பிக்கப்பட்டு, இன்றும் மிதப்பதில் தேக்குக்கு ஒரு பங்கு உண்டு.

17. வேற ஏதாவது பிடிபட்ட கப்பலோட சேவை வரலாறை நானே தேடணும்னா எங்கே ஆரம்பிக்கறது?

பிடிபட்ட நாளில் ஆரம்பியுங்கள், பெயரில் அல்ல. நாள் தெரிந்தால் இரு நாட்டுப் பெயரும் பிடிபட்டுவிடும். பிரிட்டிஷ் பக்கம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம் (ஏ.டி.எம்., எச்.சி.ஏ. என்பவை அங்குள்ள ஆவண வரிசைகளின் குறியீடுகள்): கேப்டன் பதிவேடு ஏ.டி.எம். 51, மாஸ்டர் (கப்பலைச் செலுத்தும் அதிகாரி) பதிவேடு ஏ.டி.எம். 52, ஆள்கணக்கு ஏ.டி.எம். 36, 37. நீதிமன்றத் தீர்ப்பு சம்பந்தமான காகிதங்கள் எச்.சி.ஏ. 32இல். பிரெஞ்சுப் பக்கம் வான்செனில் உள்ள பாதுகாப்பு வரலாற்றுச் சேவை. கடற்படைப் போர் நடவடிக்கைகள் பி.பி. 4 வரிசை.

முதலில் ஆள்கணக்கைப் பாருங்கள். கப்பல் பணியில் இருந்தால்தான் சம்பளம், சம்பளம் இருந்தால்தான் அந்தப் புத்தகம். எந்த ஆண்டுகளுக்குப் புத்தகம் இல்லையோ அந்த ஆண்டுகளில் கப்பல் பெரும்பாலும் தளத்தில் கிடந்திருக்கும். 9ஆம் கேள்வியின் மூன்று ஆண்டு இடைவெளி இப்படித்தான் தெரியும். பிறகு நாள் மாற்றம் (11ஆம் கேள்வி), பீரங்கி எண்ணிக்கை (2). டன் கணக்கிலும் ஏமாறாதீர்கள்: ஆங்கிலேயர் எழுதுவது நீள அகலத்தை வைத்துக் கணக்கிட்ட கொள்ளளவு, இந்தக் கப்பலுக்கு 1,900 அளவில் வரும், பிரெஞ்சுக்காரர் 2,966 என்று எழுதுவது கப்பல் விலக்கும் நீரின் எடை.

18. ஒரு மாலுமியோட பழைய பதக்கத்துல “இம்ப்ளேக்கபிள் 26 ஆகஸ்ட் 1808”னு பட்டை இருக்கு. அவர் அந்தக் கப்பல்லதான் இருந்தாரா?

அந்தப் பட்டை இருந்தால் அந்தக் கப்பல்தான். ‘சென்டார்’ என்று தனிப் பட்டை உண்டு. ஆனால் பதக்கம் ஒப்புதல் ஆனது 1847இல், சண்டை நடந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து. அதுவரை உயிரோடிருந்து, தானே விண்ணப்பித்தவருக்கு மட்டும் கிடைத்தது. ஆகவே பட்டை இல்லாததை வைத்து ‘அவர் அங்கே இல்லை’ என்று முடிவு கட்டக்கூடாது. உறுதி செய்ய ஒரே வழி ஆள்கணக்குப் புத்தகம். அதில் எழுத்துப் பிழையோடு பெயர் இருக்கும், உச்சரிப்பை வைத்துத் தேடுங்கள்.